சைக்கிளை எங்கே நிறுத்துவது? உளவளத்துணைக்கு முதன்முறை போகிறவருக்கு

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளரைப் பார்க்கப் போகும் ஒருவரின் முதல் கவலை, உள்ளே போய் என்ன சொல்வது என்பதல்ல. சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதுதான். சைக்கிளின் கரியரையும் மணியையும் பார்த்தே ஆள் யார், எந்தக் குறிச்சி, தாய் எந்த ஊர் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நிறைந்த இடம் இது. நான் முதன்முறை போனபோது இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது கடைக்காரர், "யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டார். தேவையே இல்லாத ஒரு சித்தாலேபப் போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா இறந்து அப்போது ஏழு மாதங்கள். அந்தியேட்டி முடிந்து, சொந்தக்காரர் எல்லோரும் திரும்பிப் போய், வீடு வழமைக்கு வந்துவிட்டது என்று மற்றவர்கள் நம்பிய காலம். எனக்கு மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். உளவளத்துணைக்குப் போகலாம் என்ற எண்ணம் மூன்றாம் மாதமே வந்தது. மிச்ச நான்கு மாதங்களும், உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாத தயக்கத்தில் போயின. சாய்மனைக் கதிரையில் படுக்கச் சொல்வார்களா? சின்ன வயதுக் கதை முழுவதையும் தோண்டுவார்களா? பெயரைப் பதிந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் அது வந்து நிற்குமா? கேட்டறிய ஆள் இருக்கவில்லை. இருந்தவர்களிடம் கேட்கத் துணிவு இருக்கவில்லை.

துணை என்ற சொல்

தமிழ்நாட்டில் இதை உளவியல் ஆலோசனை என்பார்கள். இலங்கையில் நாம் உளவளத்துணை என்கிறோம். இரண்டும் ஒரே தொழிலைக் குறிப்பவைதான். ஆனால் நம்முடைய சொல் அதன் உள்ளே நடப்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம். ஆலோசனைக்கு இந்த ஊரில் பஞ்சம் கிடையாது. பெரியப்பா சொல்வார், பாடசாலை அதிபர் சொல்வார், கோவில் ஐயர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே சொல்வார். "யோசிக்காதே", "மனதைத் தைரியமாக வைத்திரு", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர்". இவற்றைக் கேட்டுத் தூக்கம் திரும்பி வந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

துணை வேறு. இருட்டு ஒழுங்கையால் போகப் பயப்படும் பிள்ளைக்கு வழித்துணையாக ஒருவர் கூட வருகிறார். எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது பிள்ளை. கூட வருகிறவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதும் இல்லை, "இருட்டில் என்ன பயம்" என்று அதட்டுவதும் இல்லை. விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலிருந்து வலியுறுத்தி வந்ததும் ஏறக்குறைய இதையே: வந்திருப்பவரை அவருடைய இடத்திலிருந்து புரிந்துகொள்ளவேண்டும், தீர்ப்புச் சொல்லாமல் ஏற்கவேண்டும், கேட்கிறவர் வேடம் போடாமல் உண்மையாக இருக்கவேண்டும். வருகிறவரை நோயாளி என்று அழைப்பதையும் அவர் தவிர்த்தார். நம்முடைய உளவளத்துணைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் சொல் துணைநாடி. நல்ல சொல்.

பேச்சையே மருந்தாக்கலாம் என்பது இதற்கும் முந்திய கதை. 1880க்கும் 1882க்கும் இடையில் வியன்னாவில் ஜோசப் புரோயர் என்ற வைத்தியரிடம் ஓர் இளம்பெண் சிகிச்சை பெற்றார். மனதில் கிடந்ததைச் சொல்லச் சொல்லத் தன் உபாதைகள் தணிவதைக் கண்டு, அதற்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயர் வைத்தவர் அவர்தான், வைத்தியர் அல்லர். விளையாட்டாக அவர் வைத்த இன்னொரு பெயர் புகைக்கூடு துடைத்தல். விறகடுப்பு எரிகிற குசினியைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து 1895இல் இதைப் பற்றி எழுதியபின், அந்த வழி உலகம் முழுவதும் பல கிளைகளாகப் பிரிந்தது.

உளவளத்துணைக்கும் உளச்சிகிச்சைக்கும் வேறுபாடு என்ன என்று கேட்பார்கள். முதலாவது பெரும்பாலும் இப்போதைய ஒரு சிக்கலைச் சுற்றிச் சில வாரங்களோ சில மாதங்களோ நடப்பது: இழப்பு, பரீட்சைப் பயம், குடும்பப் பிணக்கு போன்றவை. இரண்டாவது, நீண்ட நாள் வேர்விட்ட துன்பங்களை ஒரு குறிப்பிட்ட முறைப்படி ஆழமாகக் கையாள்வது. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலி கிடுகுவேலிதான். இடையில் நுழைந்து போக நிறையப் பொட்டுகள் உண்டு.

முதலில் கதைப்பது உடம்பு

நம்மவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு எங்கும் போவது குறைவு. நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, சாப்பாடு இறங்குவதில்லை என்றுதான் போகிறோம். வைத்தியர் இரத்தம் சோதிப்பார், இதயத்துடிப்புப் படம் எடுப்பார், எல்லாம் சரியாக இருக்கும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பார். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல் எத்தனை பேரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! வலி உண்மையானது. அதன் ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்காகச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லவில்லை. தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் சோர்வும் மந்தமும் வரும், இரத்தச்சோகையும் களைப்பாக்கும். முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டி அவற்றை விலக்கிக்கொள்வது நல்லது. நல்ல உளவளத்துணையாளர் முதல்நாளே அதைக் கேட்பார்.

யார் யார், எங்கே

உளமருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்மேல் உளநோய்களில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். இங்கே சொல்லும் மூவரில் மருந்து எழுதக்கூடியவர் அவர்தான். உளவியலாளர் உளவியலைப் படித்து, அளவீடுகளும் பேச்சுச் சிகிச்சையும் செய்பவர். உளவளத்துணையாளர் கேட்பதிலும் துணைநிற்பதிலும் பயிற்சி பெற்றவர். பின்னவர்கள் இருவரும் மருந்து தருவதில்லை.

குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டியோ, குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கியோ போகலாம். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கிராம சேவகரிடம் கடிதம் எடுக்கப் போகிற சாட்டில் அங்கே போனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று ஓர் அக்கா எனக்குச் சொன்னார். பாடசாலைகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் பார்க்கும் ஆசிரியர்கள், தேவாலயங்களையும் தொண்டு நிறுவனங்களையும் சார்ந்த நிலையங்கள், தனியாகத் தொழில் செய்பவர்கள் என்று வேறு வாசல்களும் உண்டு. எந்த வாசலில் ஏறினாலும் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எத்தனை காலமாக இதைச் செய்கிறீர்கள். தச்சரிடம் கதவு கொடுக்கும்போதும் நாம் இதைக் கேட்கிறோம்தானே.

கிளினிக் நாளில் வைத்தியசாலைக்குப் போனால் வாங்கில் நெடுநேரம் காத்திருக்கவேண்டி வரலாம், முதற் சந்திப்பு குறுகியதாகவும் இருக்கலாம். அது வைத்தியரின் அலட்சியம் என்று எடுக்கவேண்டாம். வெளியே இருக்கும் வரிசையைப் பாருங்கள். நீண்ட பேச்சுக்கு வேறு நாள் ஒதுக்கித் தரமுடியுமா என்று கேட்கலாம்.

முதல் நாள்

சாய்மனைக் கதிரை இருக்காது. இரண்டு கதிரைகள், பெரும்பாலும் நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சரிவாகப் போட்டிருக்கும். ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்ப் போத்தல், மூக்குத் துடைக்கும் கடதாசிப் பெட்டி, ஒரு மணிக்கூடு. மணிக்கூடு இருவருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கும். ஏனென்றால் சந்திப்புக்குக் குறித்த நேரம் உண்டு. 45 முதல் 60 நிமிடம், பல இடங்களில் 50 நிமிடம். நேரம் முடிந்தவுடன் எழும்பச் சொல்வது நமக்கு மரியாதைக்குறைவாகத் தோன்றலாம். வீட்டுக்கு வந்தவரை "சரி, போய்வாருங்கள்" என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நாம். அந்த எல்லைதான் ஒரு மணித்தியாலத்துக்குள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து பஸ் பிடிக்க வைக்கிறது.

அன்று கேள்விகள்தான் அதிகம். என்ன காரணத்துக்காக வந்தீர்கள், ஏன் இப்போது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், குடி உண்டா, வேறு நோய்கள், எடுக்கும் மருந்துகள். இடம்பெயர்வைப் பற்றியும் கேட்கலாம். 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்ததைக் கண்ட தலைமுறைக்கு அந்தக் கேள்வி முகவரி கேட்பது போல. விருப்பமில்லை என்றால், "அதைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்" என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

ஒரு கேள்வி உங்களைத் திடுக்கிட வைக்கக்கூடும்: "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா? உயிரை மாய்க்கும் எண்ணம் வந்ததுண்டா?" இதை எல்லோரிடமும்தான் கேட்கிறார்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது பிழையான பயம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இருப்பவருக்கு, கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இருபத்தைந்து வயது மகனை அழைத்து வரும் அம்மா, கூடவே உள்ளே வந்து கதிரையில் அமர்ந்து, மகனுக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லத் தொடங்குவது இங்கே சாதாரணம். அன்பினால்தான். ஆனாலும் தனியாகக் கதைக்க விரும்புவதாக நீங்கள் உளவளத்துணையாளரிடம் சொல்லலாம். அம்மாவை வெளியே இருக்கச் சொல்வதை அவர் பக்குவமாகச் செய்வார். அவருடைய தொழிலில் அதுவும் அடங்கும்.

வெளியே போகாத கதை

வீட்டுக் கதை படலை தாண்டக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இதைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லவேண்டும்.

நீங்கள் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்பதுதான் இந்தத் தொழிலின் அத்திவாரம். உங்கள் கணவர் கேட்டாலும், தாய் கேட்டாலும், வேலைத்தலத்து மேலாளர் கேட்டாலும், நீங்கள் வந்தீர்கள் என்பதைக்கூட உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது. கலியாணத் தரகருக்கு அங்கே வாசலே கிடையாது. விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவரின் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் கட்டளையிட்டால். இவற்றை அவர் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தன் வேலையைச் சீர்பார்க்க மூத்த ஒருவரிடம் உங்கள் விடயத்தைப் பெயர் குறிப்பிடாமல் அவர் கலந்து பேசலாம். அது நல்ல பயிற்சியின் அடையாளம்.

சின்ன ஊர் என்பதால் வரும் தனிச் சிக்கல்களும் உண்டு. உளவளத்துணையாளர் உங்கள் மாமாவோடு படித்தவராக இருக்கலாம். தெரிந்தவர் என்று கண்டால் இருவரில் யார் வேண்டுமானாலும் சொல்லி வேறொருவரிடம் மாறலாம். நல்லூர்த் திருவிழாவில் நேரே எதிர்ப்பட்டால், பயிற்சி பெற்றவர் தானாக வந்து சுகம் விசாரிக்கமாட்டார். நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். நீங்கள் காணாததுபோல் போனால் அவரும் அப்படியே போவார். என்னுடைய உளவளத்துணையாளர் அங்கே என்னைக் கண்டும் காணாமல் போனாரே என்று நான் ஒரு வாரம் மனம் புண்பட்டிருந்தேன். பிறகு கேட்டபோதுதான் அது எனக்காகச் செய்தது என்று புரிந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அவர் சங்கடப்பட்டார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தந்தார். நம்முடைய வழக்கத்தில் அது பெரிய அவமதிப்பு. அவருடைய தொழிலில், துணைநாடி தனக்குக் கடன்பட்டவராகவோ தன்னைக் கடனாளியாக்கியவராகவோ உணரக்கூடாது.

பிறகு என்னதான் செய்கிறார்கள்

பேசுகிறார்கள். சில நேரம் பேசாமலும் இருக்கிறார்கள். அந்த மௌனம் முதலில் தாங்கமுடியாததாக இருக்கும். செத்தவீட்டில்கூட நாம் இவ்வளவு நேரம் சும்மா இருப்பதில்லை. அவர் வேண்டுமென்றே இடம் விடுகிறார். அழுகை வந்தால் அழலாம். "அழவேண்டாம்" என்று அவர் சொல்லமாட்டார்.

முறைகள் பல. இப்போது பரவலாகப் பயன்படுவது அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஏரன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவர் உருவாக்கிய வழியில் வளர்ந்தது. ஒரு சாதாரண விடயத்தை வைத்துச் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு வாட்சப்பில் ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்துவிட்டன. பதில் இல்லை. "என்னைப் பாரம் என்று நினைக்கிறார்" என்ற எண்ணம் ஓடிவருகிறது. நெஞ்சு கனக்கிறது. தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து அவர் அழைக்கும்போது எடுப்பதில்லை. அவர் மெல்ல மெல்ல அழைப்பதைக் குறைக்கிறார். கடைசியில், "பார்த்தாயா, நினைத்தது சரிதான்" என்று மனம் சொல்கிறது.

உளவளத்துணையாளர் ஒரு தாளை எடுத்து இதை வட்டமாக வரைவார்: நடந்தது, எண்ணம், உணர்வு, உடம்பு, செய்கை. பிறகு எண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். அது உண்மை என்பதற்கு என்ன சான்று? இல்லை என்பதற்கு என்ன சான்று? நமக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை, வேலை நேரம். இந்த மாதம் அவர் எத்தனை முறை தானாக அழைத்தார்? "எல்லாம் நல்லதாக நினை" என்று சொல்வதற்கும் இதற்கும் வெகுதூரம். ஒருவேளை அண்ணா உண்மையிலேயே சலித்திருக்கலாம். அப்போது கேள்வி வேறாகும். அடுத்த கிழமைக்கு வீட்டுவேலையும் உண்டு: இப்படி வரும் எண்ணங்களை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள் என்பார். அந்தக் கொப்பி எழுதாமல் போன நாட்களில் எனக்குக் கணக்குப் பாடம் செய்யாமல் பாடசாலைக்குப் போன குற்றவுணர்வு. அதையும் அங்கே கதைத்தோம்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. உடம்புக்கு அந்தத் திகதி தெரியாது. கோவில் திருவிழாவில் வாணம் வெடித்தால் மேசைக்குக் கீழே ஒதுங்குகிறவர்கள், ஹெலிகொப்டர் சத்தத்துக்கு வியர்க்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். புண் ஆறியபின்னும் மிஞ்சும் அடையாளத்துக்குத் தமிழில் வடு என்று பெயர். மனவடு என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். அதற்கான சிகிச்சையில், முதல் நாளே நடந்ததை விவரிக்கச் சொல்லி நெருக்கமாட்டார்கள். பதற்றம் ஏறும்போது இறக்கும் வழியை முதலில் கற்றுத் தருவார்கள்: இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்குவது, கால் நிலத்தில் இருப்பதைக் கவனிப்பது. பிறகு படிப்படியாக. ஒரு கிழமை வாணச் சத்தத்தைத் தொலைபேசியில் மெதுவாக வைத்துக் கேட்பது, பின்பு நம்பிக்கையான ஒருவரோடு தூரத்திலிருந்து கேட்பது, இப்படி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று நெடுங்காலமாக எழுதி வந்தவர். நம்மிடம் ஏற்கனவே இருக்கும் வழிகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதையும் அவர் வலியுறுத்தினார். சைவருக்கு ஓங்காரமோ நாமசெபமோ, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். மூச்சையும் மனத்தையும் ஒரு தாளத்துக்குக் கொண்டுவருவதில் எல்லாம் ஒன்றுதான். ஆகவே கோவிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயப்படவேண்டாம்.

சடங்குகளுக்கும் இதே வலு உண்டு. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு நம் முன்னோர் படிக்கட்டுக் கட்டி வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. படத்துக்கு மாலை போடுவதா, போடாமல் விடுவதா? பௌலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இங்கே உளவளத்துணையாளரின் வேலை, "போனவர் போனதுதான், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதல்ல. அப்படிச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வருவார் என்ற நம்பிக்கை, வரமாட்டார் என்ற துக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டு நாளைக்கு எப்படிச் சமைப்பது, பிள்ளையை எப்படிப் படிப்பிப்பது என்பதில் அவர் துணைநிற்கிறார்.

மூன்றாம் கிழமை

இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்குப் பிறகு முன்பைவிட மோசமாக உணர்வது வழமை. கிணறு இறைக்கும்போது முதலில் கலங்கல்தான் வரும். பலர் அந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்க நினைத்தால் நில்லுங்கள், ஆனால் அதைச் சொல்வதற்காகவாவது இன்னொரு முறை போங்கள்.

எத்தனை முறை போகவேண்டும்? அறிகை நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 சந்திப்புகள் வரை நடக்கும், கிழமைக்கு ஒன்றாக. ஒரு துக்கத்துக்கு அதைவிடக் குறைவாகவும் போதும். சிறுவயதிலிருந்து வந்த காயங்களுக்குக் கூடுதலாகவும் ஆகும். எந்த முறை என்பதைவிட, அவரோடு உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்பது பலன் தருவதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்று நான்கு முறை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம். அது நன்றிகெட்டதனம் ஆகாது.

நான் முதலில் போனது வேறொருவரிடம். பன்னிரண்டு நிமிடத்தில் யோகாசனம் செய்யச் சொன்னார். மிச்ச நேரம் தன் தகப்பனார் இறந்த கதையைச் சொன்னார். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அது வெறும் சலிப்பு. உண்மையில் பயப்படவேண்டியவை வேறு. அடி வாங்கும் பெண்ணிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கள்" என்பவர், இன்னொரு துணைநாடியின் கதையை உங்களிடம் சொல்பவர், தன் மதத்துக்கு இழுப்பவர், தொடுபவர், காதலோ உடல் உறவோ கேட்பவர், மூன்றே நாளில் குணம் என்று உறுதி தருபவர். இவர்களிடம் இரண்டாம் முறை போகவேண்டாம். தொட்டவரைப் பற்றி அவர் வேலை செய்யும் நிறுவனத்தில் முறையிடுங்கள்.

மருந்தும் அவசரமும்

மிதமான துன்பத்துக்குப் பெரும்பாலும் பேச்சே போதும். கடுமையான மனச்சோர்வுக்கும் நீங்காத பதகளிப்புக்கும் மருந்தும் பேச்சும் சேர்ந்தால் பலன் கூடும். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது எடுக்கும். நான்காம் நாள் "ஒன்றும் மாறவில்லை" என்று போத்தலை அலுமாரியில் வைத்துவிடுவதும், நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் இங்கே நடக்கும் இரண்டு பெரிய பிழைகள். நிறுத்துவதென்றால் வைத்தியரிடம் சொல்லி மெல்லக் குறைக்கவேண்டும். இல்லாத குரல்கள் கேட்பவர், யாரோ தன்னைப் பின்தொடர்வதாக உறுதியாக நம்புபவர், நாட்கணக்கில் தூங்காமல் அலைபவர் ஆகியோருக்கு உளமருத்துவர்தான் முதலில். நூல் கட்டுவதையும் பார்வை பார்ப்பதையும் அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக வைக்கவேண்டாம்.

உயிரை மாய்க்கும் எண்ணம் நெருங்கி வந்துவிட்டால் அடுத்த கிழமைச் சந்திப்புக்குக் காத்திருக்கவேண்டாம். எந்த நேரமும் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். பொலிஸ் பிடித்துவிடும் என்று பயந்து காயத்தை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றம் அல்ல.

போகும் நாளில்

கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டுகளும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சொல்ல நினைப்பவற்றை ஒரு கடதாசியில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்வது உதவும். வாசலில் எல்லாம் மறந்துபோகும். முடிந்த பிறகு உடனே கடைக்கோ கலியாண வீட்டுக்கோ போகும்படி நேரத்தை அமைக்கவேண்டாம். அரை மணித்தியாலம் சும்மா இருக்க இடம் வேண்டும். நான் பண்ணைக் கடற்கரையில் போய் இருப்பேன். தொலைபேசி வழியாகக் கதைப்பதென்றால், கதவு பூட்டாத நம்முடைய வீடுகளில், வளவுக்குள் மாமரத்தடிதான் பெரும்பாலும் ஒரே தனியறை. அயலவர் கிணற்றடி எவ்வளவு தூரம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், "எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை" என்றே தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். அவர், "இன்று காலை எழும்பியதிலிருந்து சொல்லுங்கள்" என்றார். மூன்று மணிக்கு எழும்பினேன் என்றேன்.